மூங்கில் சைக்கிளின் உயிர் மூட்டில்

கானாவின் குமாசி வட்டாரத்தில் இளைஞர்களும் பெண்களும் பயிற்சி பெற்று மூங்கிலில் சைக்கிள் ஃபிரேம் செய்கிறார்கள். பெர்னிஸ் தாபா தொடங்கிய கானா மூங்கில் சைக்கிள் அமைப்பு இதற்காக உலகெங்கும் பாராட்டப்படுகிறது. ‘மண்ணோடு மக்கும் பசுமை வாகனம்’ என்பதே பாராட்டின் சாரம். அது உண்மையும் அல்ல. அந்தத் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பெருமையும் அல்ல.

மூங்கில் சைக்கிள் புதிதும் அல்ல; 1894இலேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவின் சைக்கிள் வடிவமைப்பாளர் கிரெய்க் கால்ஃபீ அதற்கு மறுவாழ்வு தந்தார். பின்னர் கானாவுக்கே போய்ச் செய்முறையைக் கற்றுக்கொடுத்தார்.

மூங்கிலின் நார்கள் வெளித்தோலை நெருங்க நெருங்க அடர்ந்திருக்கும். வளையும் குழாயில் அதிக விசை விழுவதும் அங்கேதான். ஆகவே முற்றிய, நன்கு காய்ந்த மூங்கில் சுலபத்தில் முறியாது. சிக்கல் மூட்டில்தான், ஏனென்றால் மூங்கிலை வெல்டிங் செய்ய முடியாது. முனைகளைக் கச்சிதமாக அறுத்துப் பொருத்தி, எபாக்ஸி பிசினில் நனைத்த ஹெம்ப் நாரை, விசை போகும் திசை பார்த்துச் சுற்றுகிறார்கள். அதன்மேல் டேப்பை இறுக்கிச் சுற்றினால் மிகுதிப் பிசினும் காற்றுக்குமிழிகளும் பிதுங்கி வெளியேறும். இறுகிய பிறகு டேப்பை உரித்து, அரத்தால் ராவி, உப்புத்தாள் போடுகிறார்கள். நார் தளர்ந்தாலோ பிசின் ஊறாமல் விட்டாலோ அந்த இடம் பின்னாளில் பிளக்கும்.

இறுகிய எபாக்ஸி மக்காது; உருக்கி மறுபடி பயன்படுத்தவும் முடியாது. செயினும் பிரேக்கும் சக்கரமும் வழக்கமான தொழிற்சாலைப் பொருள்கள்தான். அப்படியானால் இந்த ஃபிரேமின் மதிப்பு எதில்? உலையோ குழாய் ஆலையோ இல்லாமலேயே, தேர்ந்த கைகள் ஒரு பொறியியல் பொருளைப் படைக்கின்றன என்பதில். என்னைப் பொறுத்தவரை மக்கும் குணத்தைவிட இது பல மடங்கு பெரியது.

கையால் செய்வது கைக்குக் கை மாறும். எனவே இத்தொழிலுக்கு இன்று பரிவைவிடச் சோதனையே தேவை. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலைப்படி, பெடலை மிதிக்கும் விசையை ஃபிரேம் 1,00,000 சுற்றுகள் தாங்க வேண்டும். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் வண்டிக்கு மட்டுமல்ல, செம்மண் பாதையில் மூட்டை ஏற்றிச் செல்லும் விவசாயியின் வண்டிக்கும் அந்த உறுதி வேண்டும். குமாசியிலேயே குவாமே இன்க்ருமா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நன்கொடை தருகிறவர்கள் அதன் ஆய்வகத்துக்கும் இந்தப் பட்டறைகளுக்கும் பாலம் போடப் பணம் ஒதுக்கட்டும். சோதனையில் உடையும் ஒவ்வொரு மூட்டும், அதைச் சுற்றியவரின் கைக்கே திரும்பி வர வேண்டும்.