சுற்றுநிருபமும் மறைபிரதியும்

பழைய மாணவர் சங்கமொன்றின் காரியதரிசிப் பொறுப்பை அண்மையில் ஏற்ற சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். அங்கத்தவர் ஏறக்குறைய நூற்றிருபது பேர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் சிலர்; லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் பலர். இவர்களுக்குக் கூட்ட அறிவித்தல்களையும் மரணச் செய்திகளையும் அனுப்பப் பணங்கொடுத்து ஒரு சேவையைப் பெறல் வேண்டுமா, வீட்டுக் கணினியிலுள்ள சாதாரண மின்னஞ்சல் வசதியே போதுமா என்பது அவர்தம் வினா.

போதும் என்பதே நமது விடை. ஜிமெயிலின் இலவசக் கணக்கொன்றிலிருந்து ஒரு நாளில் 500 பேர் வரைக்கும் அனுப்பலாம். இச்சங்கத்துக்கு அது தாராளம்.

முதற்கண் வேண்டுவது ஒழுங்கான விலாசப் பட்டியல். ஜிமெயிலின் தொடர்புகள் பகுதியிலே அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் 'சங்கம்' என்ற ஒரே அடையாளத்தை இட்டுவைத்தால், கடிதம் எழுதும் வேளையில் அச்சொல்லைத் தட்டிய மாத்திரத்தே எல்லா விலாசங்களும் வந்து நிற்கும். அவுட்லுக், தண்டர்பேர்ட் ஆகியவற்றிலும் இத்தகைய வசதி உண்டு. இதனோடு, ஓர் அப்பியாசக் கொப்பியிலும் பெயர், விலாசம், சேர்ந்த தேதி, நீங்கிய தேதி என்பவற்றைக் குறித்து வருதல் நன்று. கணினி பழுதான நாளிலே அக்கொப்பியின் அருமை விளங்கும்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மின்னஞ்சலில் விலாசம் எழுதுவதற்கு மூன்று இடங்கள் உள. ஒன்று பெறுநர், மற்றொன்று சீ.சீ. எனப்படும் பிரதி, மூன்றாவது பீ.சீ.சீ. எனப்படும் மறைபிரதி. தட்டெழுத்துப் பொறியில் தாள்களுக்கிடையே கார்பன் தாள் வைத்துப் பிரதி எடுத்த கந்தோர் வழக்கத்திலிருந்தே இப்பெயர்கள் வந்தன. பிரதி இன்னாருக்குப் போகிறது எனக் கடிதத்தின் அடியிற் குறிப்பது முறை. ஒருவருக்கு இரகசியமாகப் பிரதி அனுப்ப நேர்ந்தால், மூலத்தாளை அகற்றியபின் அவருக்குரிய தாளில் மாத்திரம் அக்குறிப்பைத் தட்டுவார்கள். பொறி போய்விட்டது, அதன் பெயர் கணினித் திரையில் வாழ்கிறது.

காரியதரிசி பெறுநர் இடத்திலே சங்கத்தின் சொந்த விலாசத்தை இடுக. அங்கத்தவர் அனைவரையும் மறைபிரதியில் இடுக. அப்போது ஒருவர் விலாசத்தை மற்றவர் காணமாட்டார். இதைத் தவறவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே தலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். அடுத்த மாதமே பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு, நாட்டைவிட்டு வெளியேறக் காத்திருந்த ஆப்கானியருக்கு ஒரு மின்னஞ்சலை அனுப்பிற்று. 245 பேரின் விலாசங்களும் மறைபிரதியில் இடப்படாது, பெறுநர் இடத்திலேயே இடப்பட்டன. அவர்களுள் 55 பேருடைய முகப்படங்களும் உடன் தெரிந்தன. இருவர் அக்கடிதத்துக்கு 'எல்லாருக்கும் பதில்' என்பதை அழுத்தி விடையிறுத்தனர்; ஒருவர் தாம் இருக்குமிடத்தையே அதில் எழுதிவிட்டார். அப்பட்டியல் எதிரிகளின் கையில் அகப்பட்டிருப்பின் உயிர்களே போயிருக்கக்கூடும். இதன் பொருட்டு 2023 டிசெம்பரில் அவ்வமைச்சுக்கு 350,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

நமது சங்கத்திலே அத்தகைய ஆபத்து ஏது என்று சிலர் கேட்கலாம். கொடுமை செய்த கணவனை விட்டு நீங்கி, இருக்குமிடம் எவர்க்கும் தெரியாது வாழும் பெண்ணொருத்தி பழைய மாணவியாக இருத்தல் கூடாதா? அக்கணவனின் தமக்கையும் அதே பாடசாலையிற் படித்தவராக இருக்கலாமே! நம்முடைய ஊர்களில் உறவுகள் எவ்வளவு நெருங்கிப் பின்னியிருக்கின்றன என்பதை வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவள் தன் விலாசத்தைக் காரியதரிசி ஒருவரை நம்பியே கொடுத்தாள். நூற்றிருபது பேரை நம்பி அல்ல. இதனோடு ஒப்பிட, காணி விற்போரும் காப்புறுதி முகவரும் விலாசங்களைப் பொறுக்கியெடுத்து விளம்பரம் அனுப்புவது சிறு தொல்லையே. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டுள்ளது. சட்டம் ஒரு சிறு சங்கத்தின் வாசலுக்கு வருகிறதோ இல்லையோ, அப்பெண்ணின் அச்சம் மெய்யானது.

மறைபிரதியால் இன்னுமொரு நன்மையும் உண்டு. எவரேனும் 'எல்லாருக்கும் பதில்' என்பதை அழுத்தினாலும், மறைபிரதியில் உள்ள ஏனையோருக்கு அது செல்லாது. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையிலே ஒரு சோதனைக் கடிதம் தவறுதலாக இலட்சக்கணக்கான ஊழியர்க்குச் சென்றது. "என்னை நீக்குங்கள்" என்று பலர் எல்லாருக்கும் பதில் எழுதியதால் அன்று அச்சேவையின் அஞ்சலே தடுமாறியது. நம்மவரோ "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று நூறு முறை எழுதுவர். நோக்கம் நல்லது, பெட்டிதான் நிறைந்துவிடும்.

திரும்பி வரும் கடிதங்களை அலட்சியம் செய்யற்க. அத்தகைய விலாசம் இல்லை என்று விடை வந்தால் எழுத்துப் பிழையைப் பாருங்கள். பிழையில்லையேல் தொலைபேசியில் விசாரியுங்கள். பெட்டி நிறைந்துவிட்டது என்று வந்தால் அவ்வங்கத்தவருக்குச் சொல்லல் வேண்டும். முதியோர் பலர் பழைய கடிதம் ஒன்றையேனும் அழிப்பதில்லை. கடிதம் குப்பைக் கோவையில் விழாதிருக்க, சங்கத்தின் விலாசத்தைத் தம் தொடர்புகளிற் சேர்க்குமாறு எல்லாரையும் கேட்டுக்கொள்ளலாம். படங்கள் அனுப்புவோர் ஜிமெயிலின் எல்லை 25 மெகாபைற் என்பதை நினைவிற் கொள்க. அன்றியும், பாமினி எழுத்துருவில் தட்டிய செய்தி அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக்களின் குழப்பமாகவே தோன்றும். ஆகவே யூனிக்கோட் எழுத்திலேயே எழுதுக.

விலக விரும்புபவரை அன்றே விலக்கிவிடுக. காரணம் கேட்க வேண்டா. காலமானவரின் விலாசம் பற்றிச் சகோதரி தனியாகக் கேட்டிருக்கிறார். அவரது மரணச் செய்தியை அனுப்புமுன்னரே அவ்விலாசத்தைப் பட்டியலினின்றும் எடுத்துவிடுதல் வேண்டும். அப்பெட்டியைத் திறந்து பார்ப்பவர் அவர் மனைவியாகவோ மகளாகவோ இருப்பர்.

மற்றுமொன்று. இவையனைத்தையும் சொந்தக் கணக்கிலே நடத்தாது, சங்கத்தின் பெயரால் வேறொரு கணக்குத் திறந்து நடத்துக. கடவுச்சொல்லைத் தலைவரும் பொருளாளரும் அறிந்திருத்தல் வேண்டும். உறுதிப்படுத்தும் குறியீடு காரியதரிசியின் கைத்தொலைபேசிக்கே வருமாறு அமைந்திருந்தால், அடுத்த வருடம் பொறுப்பை ஒப்படைக்கும் நாளிலே அந்த இலக்கத்தை மாற்றிக் கொடுத்து, தம்மிடமுள்ள பட்டியலின் பிரதியையும் அழித்துவிடல் வேண்டும்.