உள்ளே வராத காற்று வெளியே போகாது

பாகலூர் சாலை, மத்திகிரி, தளி சாலைப் பக்கம் எழும் பெரிய வீடுகளின் வரைபடங்களில் பூஜை அறை, ஹோம் தியேட்டர் வரிசையில் இப்போது இன்னோர் அறையும் அங்கங்கே தலைகாட்டுகிறது: சுருட்டு அறை. வேலை நிமித்தம் வெளிநாடு போய்வந்த மேலாளர்களும் எலெக்ட்ரானிக் சிட்டியில் சம்பாதித்து ஓசூரில் மனை வாங்கியவர்களும் ஆசையாகக் கட்டுகிறார்கள். தோல் சோபா, சுருட்டு உலராமலிருக்க சிடார் மரப்பெட்டி, மங்கலான விளக்கு எல்லாம் வந்துவிடும். காற்று எந்த வழியில் வந்து எந்த வழியில் போகும் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் நண்பர் ஒருவர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையொன்றின் பெயின்ட் ஷாப்பைக் கவனித்து ஓய்வு பெற்றவர். மாடியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அளவில் அப்படியோர் அறை கட்டினார். சுவரில் ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், எதிரே ஸ்ப்ளிட் ஏசி, மூலையில் ஏர் ப்யூரிஃபையர். மூன்றும் ஓடியும் வீடு முழுக்க வாடை. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் முறையிட்டார்: "அண்ணா, துவைச்சுக் காயப்போட்ட துணியிலகூட அந்த நாத்தம்தான். பேத்தி வந்தா மாடிப்பக்கமே விடுறதில்ல."

மூன்று சாதனங்கள் மீதும் தவறில்லை. அவற்றின் வேலை வேறு. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது; அறையில் இருப்பதையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப ஊதும். உள்ளே ஈரமாக இருக்கும் காயிலில் புகையின் பிசுக்கு படியும். பிறகு சுருட்டே பற்றவைக்காத நாளிலும் ஏசியைப் போட்டதுமே பழைய வாடை வரும். ஏர் ப்யூரிஃபையரில் இருக்கும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாடை என்பது பெரும்பாலும் வாயு. அதற்குச் செயலூட்டிய கரி வேண்டும். வீட்டு மாடல்களில் அந்தக் கரி பேருக்குத்தான் இருக்கும், சீக்கிரமே நிறைந்தும்விடும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான் புகையை உண்மையில் வெளியேற்றுவது. அதுவும் இங்கே பட்டினி கிடந்தது.

அதைக் கண்டுபிடித்தது நண்பரில்லை. பேடரப்பள்ளியில் பட்டறைகளுக்கு டக்ட் அடித்துத் தரும் ஓர் இளைஞர். வந்தவர் எந்தக் கருவியும் எடுக்கவில்லை. பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தி கேட்டு வாங்கி, சுருட்டு அறைக் கதவின் அடி இடுக்கில் பிடித்தார். புகை அறைக்குள் போக வேண்டும். போகவில்லை, மெல்ல வளைந்து படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தது. "கீழ சிம்னி ஓடுதா சார்?" என்றார். ஓடிக்கொண்டிருந்தது. இரவுச் சமையல் நேரம். மணிக்கு 1,200 கனமீட்டர் இழுக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்த சிம்னி அது. மார்கழிப் பனிக்கு வீட்டின் ஜன்னலெல்லாம் சாத்தியிருக்க, சிம்னி தனக்கு வேண்டிய காற்றைக் கிடைத்த இடுக்கிலிருந்தெல்லாம் உறிஞ்சியது. அந்த இடுக்குகளில் ஒன்று சுருட்டு அறைக் கதவு. சின்ன ஃபேன் வெளியே தள்ளப் பார்த்த புகையைப் பெரிய சிம்னி அடுக்களைக்கே வரவழைத்துக்கொண்டிருந்தது.

"காத்து உள்ள வர வழியில்லன்னா வெளிய எப்படி சார் போகும்?" என்று கேட்டுவிட்டு இளைஞர் டேப்பை எடுத்தார். பணிக்காலம் முழுக்க பெயின்ட் பூத்தின் காற்றழுத்தத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்த நண்பர் வாயடைத்துப்போனார்.

கணக்கு எளிது. 12 அடி, 12 அடி, உயரம் 10 அடி என்றால் 1,440 கன அடி. மணிக்கு 15 முறை காற்று மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 360 கன அடி வெளியேற வேண்டும். சுவரில் ஓட்டை போட்டு மாட்டும் சின்ன ஃபேனுக்கு, அதுவும் டக்டின் எதிர்ப்பைத் தாண்டி, இது ஆகாத வேலை. அத்தனை காற்று வெளியே போனால், ஏறக்குறைய அத்தனையும் உள்ளே வர வேண்டும். தரையோரம் ஒரு பக்கம் காற்று நுழையும் சல்லடை, எதிர்ப்பக்கம் கூரையோரம் உறிஞ்சும் வாய். நுழைவதைவிட வெளியேறுவது சற்றே அதிகம் இருந்தால் அறைக்குள் அழுத்தம் குறையும். கதவிடுக்கில் காற்று எப்போதும் உள்நோக்கியே ஓடும். ஃபேனை அறையில் வைக்காமல் டக்டின் மறுமுனையில், மொட்டை மாடியில் வைப்பது உத்தமம். வழியில் டக்டில் விரிசல் இருந்தாலும் காற்று டக்டுக்குள் போகுமே தவிர, புகை வீட்டுக்குள் கசியாது. வீசித் திறக்கும் கதவு ஒவ்வொரு முறையும் புகையை வெளியே இறைக்கும். பக்கவாட்டில் நகரும் தள்ளுகதவு அவ்வளவு செய்யாது.

இதெல்லாம் ஏதோ மேல்நாட்டு ஆடம்பரக் குறிப்பு என்று நினைக்க வேண்டாம். 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தபோது, 30 அறையோ அதற்கு மேலோ உள்ள ஓட்டல்களும் 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகங்களும் தனிப் புகை அறை வைத்துக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது. அதற்கு அரசு விதித்தவை இவைதான்: நான்கு பக்கமும் முழுச்சுவர், தானே மூடிக்கொள்ளும் கதவு, மற்ற இடங்களின் காற்றோடு கலக்காமல் நேரே வெளியே போகும் காற்றோட்டம், அறைக்குள் குறைந்த அழுத்தம். பேடரப்பள்ளி இளைஞர் ஊதுபத்தியை வைத்துச் சொன்னதும் அதுவே.

சரி, வெளியே போகிற புகை எங்கே போகிறது? நம் ஊரில் மனை என்றால் முப்பதுக்கு நாற்பது. புகைப்பவர் கதவு, ஜன்னல்களிலிருந்து 25 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது பசுமைக் கட்டடங்களுக்கான லீட் தரச்சான்றின் விதி. முப்பதடி அகல மனையில் உங்கள் ஜன்னலிலிருந்து 25 அடி தள்ளிப் போனால் பக்கத்து வீட்டுப் படுக்கையறையில் நிற்பீர்கள். ஆகவே பக்கச்சுவரில் ஃபேன் வைப்பது நம் வீட்டுப் புகையை அடுத்த வீட்டுக்குத் தானம் செய்வது. டக்ட் மொட்டை மாடிக்கு மேலே போக வேண்டும். தொழிற்சாலைக்காரர்களுக்கு இது தெரியாததில்லை. ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் உண்டு: கட்டட உயரத்தோடு, கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மீட்டர் கூட்ட வேண்டும். 100 கேவிஏ என்றால் கூரைக்கு மேல் 2 மீட்டர். ஆலையில் இந்தக் கணக்கை மனப்பாடமாகச் சொல்கிற நாம் வீட்டில் புகையைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக விடுகிறோம்.

வாடையை மறைக்கும் வித்தைகளுக்கும் குறைவில்லை. ரூம் ஸ்பிரேயும் சாம்பிராணியும் வாடையோடு வாடையாகச் சேருமே தவிர, இருப்பதை நீக்காது. சாம்பிராணி தன் பங்குக்குத் துகளையும் கூட்டும். "ஓசோன் மெஷின்" வாங்குவோர் நிறுத்திக்கொள்வது நல்லது. வாடையை அழிக்கும் அளவுக்கு ஓசோன் இருந்தால் அது நுரையீரலையும் பதம் பார்க்கும். பலன் தருவது சலிப்பூட்டும் வேலைகள்தான். கம்பளமும் திரைச்சீலையும் வைக்காமலிருப்பது, சுவருக்குத் துடைக்கக்கூடிய பெயின்ட் அடிப்பது, சுருட்டு அடிக்கட்டைகளை அன்றிரவே அணைத்து வீட்டுக்கு வெளியே கொட்டுவது, கடைசிச் சுருட்டு அணைந்த பிறகும் ஃபேனை ஒரு மணி நேரம் ஓடவிடுவது. அணைந்த சுருட்டு, எரிகிற சுருட்டைவிட மோசமாக நாறும்.

இத்தனையும் செய்து நண்பர் வீட்டில் வாடை அடங்கிவிட்டது. அங்கேதான் எனக்குப் பயம். வாடை போனால் ஆபத்தும் போனது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். ஒன்றரை மணி நேரம் எரியும். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. அதை ஹெப்பாவும் பிடிக்காது, கரியும் பிடிக்காது. பிறர் விடும் புகைக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2006 அறிக்கை சொன்னது. அந்நாட்டில் காற்றோட்டத்துக்கே தரம் வகுக்கும் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயும், கட்டடத்துக்குள் புகைப்பதை நிறுத்துவதைத் தவிர இந்த ஆபத்தை நீக்க வழியில்லை என்றே சொல்கிறது. ஃபேன் விற்பவர்களின் உலகத்திலிருந்தே வரும் சாட்சியம் என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு.

சுருட்டு நமக்குப் புதிதில்லை. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றியது கப்பலேறியது. 1887இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே துப்பறிவாளர் திருச்சிச் சுருட்டின் சாம்பலை அடையாளம் காண்கிறார். ஆனால் இத்தனை சுருட்டு சுற்றிய நாட்டில் சுருட்டுக்கென ஓர் அறை கட்டியதாகத் தெரியவில்லை. தாத்தாக்கள் திண்ணையில் பிடித்தார்கள், களத்துமேட்டில் பிடித்தார்கள். முனியப்பனுக்கும் சுருட்டு படைப்பது ஊர் எல்லையில், கூரையில்லாத வெட்டவெளியில்தான். அந்தத் தாத்தாக்களும் புகையிலைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள்தான். அதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனாலும் பேத்தியின் தொட்டில் இருக்கும் கூரைக்கடியில் புகைக்கக் கூடாது என்ற அளவுக்காவது விவரம் இருந்தது.

சட்டம் வீட்டுக்குள் வராது. ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாய் வரை. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் அதை 2025இல் 1,000 ஆக்கிவிட்டது, புகையிலை வாங்கும் வயதையும் 21 ஆக உயர்த்திவிட்டது. இரண்டு மாநிலத்திலும் மாடி அறை உங்கள் இஷ்டம். ஆனால் மறுநாள் காலை அந்தச் சாம்பலைக் கூட்டி, சோபாவைத் தட்டி, பிசுக்குப் படிந்த மேசையைத் துடைக்கும் பெண்ணுக்கு அதில் என்ன இஷ்டம் இருக்கிறது?

வீடு கட்டப்போகிறவர்களுக்கு என் யோசனை: சுருட்டு அறைக்கு ஒதுக்கிய பணத்தில் மொட்டை மாடியில் நாலு பக்கமும் திறந்த ஒரு பந்தல் போடச் சொல்லுங்கள், ஓசூர் குளிருக்கு ஒரு சால்வை போதும். கட்டிவிட்டவர்கள் இன்றிரவே அடுக்களைச் சிம்னியை ஓடவிட்டு, கதவிடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். சுருட்டையே விட்டுவிடலாம் என்று தோன்றினால் தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணமில்லை. தென்மாநில மொழிகளில் பேசும் அதன் மையம் பெங்களூரு நிம்ஹான்ஸில் இருக்கிறது. அதுவும் ஓசூர் சாலையில்தான்.