சவுல் பவுலாக மாறினாரா?

தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் பேரொளி சூழத் தரையில் விழுந்த சவுல், மனந்திரும்பி எழுந்தபோது பழைய பெயரை விட்டுப் பவுல் என்னும் புது நாமம் பூண்டார் என்று பிரசங்க மேடைகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் கதைக்கு, அப்போஸ்தலர் நடபடிகளில் எள்ளளவும் ஆதாரம் இல்லை.

மனமாற்றம் 9-ஆம் அதிகாரத்தில் நிகழ்கிறது. அதன் பின்னும் பர்னபா தர்சு பட்டணத்துக்குத் தேடிப் போவது சவுலைத்தான். 13-ஆம் அதிகாரத் தொடக்கத்தில் பரிசுத்த ஆவியானவர் ஊழியத்துக்கெனப் பிரித்துவிடச் சொல்வதும் சவுலைத்தான். சீப்புரு தீவில், ரோம அதிபதியான செர்கியு பவுலைக் காணும் கட்டத்தில்தான், பவுல் என்றும் பெயருடைய சவுல் என்று ஆசிரியர் முதன்முறையாக எழுதுகிறார். அங்கே கிரேக்கத்தில் நிற்கும் ‘காய்’ என்ற இடைச்சொல் நம் உம்மைக்கு நிகரானது. ஒரு பெயர் ஒழிந்து மற்றொன்று வந்தது என்பதற்கு அந்த உம்மை இடங்கொடாது.

மூலத்தை உற்று நோக்குவோர்க்கு இன்னும் நுட்பமானதொரு விசேஷம் புலப்படும். ஆசிரியர் தம் வாக்கில் கதை சொல்லும்போது ‘சௌலோஸ்’, ‘சௌலோன்’ என்று கிரேக்க வேற்றுமைக்கேற்ப ஈறு திரிந்து வரும் அப்பெயர், தமஸ்கு வழியில் வானத்துக் குரல் அழைக்கும் இடத்திலோ ‘சாஊல், சாஊல்’ என்று ஈறேதும் ஒட்டாமல், எபிரெயத் தாய் அழைத்தாற்போலவே ஒலிக்கிறது. தமஸ்குவிலிருந்த சீஷன் அனனியா அவரைச் சகோதரனே என்று விளிக்கும்போதும் அவ்வாறே. குரல் எபிரெய பாஷையில் பேசிற்று என்று 26-ஆம் அதிகாரம் சொல்வதற்கு இது எத்துணைப் பொருத்தம்! பழைய அரசன் சவுலின் பெயரும் அதே ‘சாஊல்’தான். தமிழில் எல்லா இடத்தும் ‘சவுல்’ என்றே அச்சிடப்படுவதால் இந்த அழகு நமக்கு மறைந்துபோயிற்று.

யூதர் இரு பெயர் தாங்குவது அக்காலத்தில் சாதாரணம். யோவான் மாற்கு என்றும், யுஸ்து எனப்பட்ட இயேசு என்றும் அதே புதிய ஏற்பாட்டில் காண்கிறோம். ஆபிராம் ஆபிரகாமானபோதும் யாக்கோபு இஸ்ரவேலானபோதும் வேதம் அதை வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. சவுலின் விஷயத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை.

இது சிறு பிழையென்று விட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. சவுல் என்ற எபிரெயப் பெயர் பாவியின் பெயர், பவுல் என்ற லத்தீன் பெயர் இரட்சிக்கப்பட்டவனின் பெயர் என்ற எண்ணத்தை இக்கதை குழந்தைகள் நெஞ்சில் விதைக்கிறது. தாம் பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் எபிரெயன் என்று தம் நிருபத்தில் எழுதியவருக்கும் அவருடைய ஜனத்துக்கும் இதைவிட அநியாயம் வேறில்லை. போதகர்களே, இக்கதையை மறுபடி சொல்லுமுன் 13-ஆம் அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள்.