மிகைகாண் வேறுபாடும் முக்கிய வேறுபாடும்

விஞ்ஞான அறிக்கைகளைத் தமிழாக்குவோர் அடிக்கடி எதிர்ப்படும் ஆங்கிலச் சொற்களுள் ‘சிக்னிபிகண்ட்’ என்பது ஒன்று. அகராதியைப் பார்த்து ‘முக்கியமான’ என்று எழுதிவிடுவது எளிது. ஆயினும் புள்ளியியலில் அச்சொல்லுக்கு அது பொருளன்று. ‘மிகைகாண்’ என்று வழங்குவதே தகும் என்பது என் கருத்து.

இங்கிலாந்துப் புள்ளியியல் அறிஞர் ரொனால்டு பிஷர், சோதனைகளை அமைக்கும் முறை பற்றி 1935 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு தேநீர்ச் சோதனையை விவரித்துள்ளார். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே கூற இயலும் என்கிறார் ஓர் அம்மையார். எட்டுக் கோப்பைகளுள் நான்கில் பாலையும் நான்கில் தேநீரையும் முதலில் ஊற்றி, வரிசையைக் கலைத்து, பால் முந்திய நான்கையும் பிரித்தெடுக்கச் சொல்லுகின்றனர்.

அவருக்கு அத்திறன் இல்லை என்றே தொடக்கத்தில் கொள்ளுகிறோம். இதுவே இன்மை எடுகோள். எட்டினின்று நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70. அவற்றுள் முற்றும் சரியானது ஒன்றே. வெறும் ஊகத்தால் அது நேரும் நிகழ்தகவு நூற்றுக்கு ஏறத்தாழ 1.4. இத்துணை அரியது நிகழுமாயின் எடுகோளை மறுக்கிறோம். தற்செயலால் எதிர்பார்க்கத்தக்க அளவினும் மிகையாகக் காண்பதால் இது மிகைகாண் முடிவு.

மூன்று கோப்பைகளே சரியாயின்? மூன்றோ நான்கோ சரியாகும் வழிகள் 17. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 24. ஊகத்தாலேயே இது எளிதில் நேரும். ஆகவே எடுகோளை மறுக்க இயலாது. ஆனால், ‘திறன் இல்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டது’ என்று எழுதுதல் தவறு. மறுக்கச் சான்று போதவில்லை என்பதே சரியான முடிவு.

பொதுவாக நூற்றுக்கு 5 என்பதை எல்லையாகக் கொள்ளுகின்றனர். அது இயற்கை விதியன்று, வழக்கமே.

இனி முக்கியத்துவத்தைக் காண்போம். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டித் தலை 51 முறை விழுந்தால் எவரும் வியப்புறார். 10,000 முறை சுண்டி 5,100 தலைகள் விழுந்தாலோ, அத்துணை விலகல் நேரும் நிகழ்தகவு நூற்றுக்கு 5-க்குச் சற்றுக் குறைவு. முடிவு மிகைகாண் முடிவாகிவிடும். இரண்டிலும் விகிதம் நூற்றுக்கு 51 தான். பெருகியது சோதனையின் எண்ணிக்கையே அன்றி வேறுபாட்டின் அளவன்று.

இந்நிலையில் ‘முக்கியமான விளைச்சல் உயர்வு’ என்று நாம் எழுதினால், உழவர் பெரும் பயனை நம்பிப் புதிய உரத்திற்குப் பணம் செலவிடுவார். நோயாளி அவ்வாறே மருந்துக்குச் செலவிடுவார். இச்சோதனை விளைவின் அளவையோ முக்கியத்துவத்தையோ அளப்பதில்லை என்பதை அமெரிக்கப் புள்ளியியல் கழகமும் 2016 ஆம் ஆண்டில் எடுத்துரைத்துள்ளது.

‘மிகைகாண்’ என்னும் சொல் செவிக்குப் புதிது என்பர் சிலர். அதுவே அதன் நன்மை. படிப்பவர் சற்று நின்று பொருளை வினவுவார். ‘முக்கியம்’ என்பதோ வினவவிடாமல் நம்பவைத்துவிடும். எனவே ‘மிகைகாண்’ என்று எழுதுவோமாக. வேறுபாடு எவ்வளவு என்பதையும் தவறாது உடன் குறிப்போமாக. அவ்வளவு முக்கியமானதா என்பதை, செலவிடுபவரே முடிவு செய்துகொள்ளட்டும்.