பழசைக் கழியுங்க... புது போன் அப்புறம்!



கரன்ட் பில் கட்டுவதிலிருந்து பிள்ளைகளின் 'ஹோம் ஒர்க்' வரை இப்போது எல்லாமே போனிலும், கம்ப்யூட்டரிலும்தான். அது கொஞ்சம் மெதுவானால் போதும்... 'எந்நேரமும் சமையல் குறிப்பும், கோலமும் பார்த்தா இப்படித்தான்' என்று பழி நம் தலையில்! கடைக்காரரோ, 'பழசாயிடுச்சும்மா, மாத்திடுங்க' என்கிறார். பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?

நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் 'பிரவுசர்' குறித்து வைத்துக் கொள்கிறது. அதுதான் 'ஹிஸ்டரி'. இரண்டு எழுத்து தட்டியதும், பழைய பக்கங்களை எடுத்து நீட்டுகிறதே... அது இந்தக் குறிப்பில் தேடித்தான். குறிப்பு பெருகினால், பழைய மெஷின் திணறத்தானே செய்யும்?

அதனால்தான் கம்பெனிக்காரர்களே இதற்கு ஒரு அளவு வைத்திருக்கின்றனர். கம்ப்யூட்டரில் உள்ள 'குரோம்' 90 நாள் குறிப்பைத்தான் வைத்துக் கொள்ளும். 'பயர்பாக்ஸ்' 2011ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து, மெஷினின் சக்தியைப் பார்த்து, தானே அளவை முடிவு செய்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டரின் 'சபாரி'யில், ஒரு நாள், ஒரு வாரம் என்று நாமே கெடு வைக்கலாம்.

ஆனால் ஒன்று... ஹிஸ்டரி வெறும் எழுத்துதான். அதிகம் இடத்தை அடைப்பது, படங்களைச் சேர்த்து வைக்கும் 'கேஷ்'. எனவே, இரண்டையும் சேர்த்தே கழிக்க வேண்டும். திறந்தபடியே கிடக்கும் பக்கங்களையும் மூடிவிடுங்கள். பாதி பாரம் அதில்தான்.

குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டால், 'டெலீட் பிரவுசிங் டேட்டா' என்று வரும். அதில் 'கடைசி ஒரு மணி நேரம்' என்று கொடுத்தால், பழைய குப்பை அப்படியே இருக்கும். 'ஆல் டைம்' என்று கொடுங்கள். 'குக்கீஸ்', 'பாஸ்வேர்டு' இரண்டிலும் 'டிக்' இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், எல்லா இடத்திலும் மறுபடி 'லாக் இன்' செய்ய வேண்டும். சேமித்த பாஸ்வேர்டும் போய்விடும். அழித்தபின், முதல் தடவை பக்கம் மெதுவாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

முன்பின் தெரியாதவரிடம் போனைக் கொடுத்து, நாம் எதையெல்லாம் பார்த்தோம் என்று அவர் பார்க்க விடுவதை விட, நம் கையால் நாமே செய்வது கவுரவம் இல்லையா? பழைய பேப்பரை மாதா மாதம் எடைக்குப் போடுகிறோமே... அதோடு இதையும் செய்து பாருங்கள். அப்படியும் மெதுவாக இருந்தால், அப்புறம் புது போனைப் பற்றி யோசிக்கலாம்.

என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, மதுரை.