பேனா ஆயுதமான கதை

பரீட்சைத் தாளில் விடை எழுதுவதற்கன்றி வேறெதற்கும் பேனாவைத் தொட விரும்பாத ஒரு மாணவன், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு அதே பேனாவை ஆயுதமாகப் பிரயோகிக்க நேருகிறதே, அந்தத் துயரந்தான் தென்கொரியாவில் 2018-ஆம் ஆண்டு நேவர் இணையதளத்தில் தொடங்கிய ‘வீக் ஹீரோ’ என்னும் சித்திரத் தொடரின் ஜீவநாடி. ஸியோபாஸ் கதை எழுத, ரேஸன் சித்திரம் தீட்டிய அத்தொடரைக் கைப்பேசியில் மேலிருந்து கீழாக விரலால் தள்ளித் தள்ளிப் படித்தவர்களில் பலர், அதை ஒரு சண்டைக் கதையாகவே ரசித்திருக்கக்கூடும். அந்த ரசனையை நான் குறை கூறவில்லை. ஆயினும், அடியும் உதையும் நிறைந்த அக்கதை உண்மையில் பேசுவது, படிப்பதற்கென்றே அமைந்த ஒரு புத்தியைப் பெரியவர்களின் அலட்சியம் எவ்வாறு விரயம் செய்கிறது என்பதைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

கதாநாயகன் யோன் ஷீஉன் மெலிந்த தேகமும் சிறிய உருவமும் உடையவன். எந்த உணர்ச்சியையும் வெளிக்காட்டாத முகத்தினன். வகுப்பில் முதல் மாணவன். புஜபலம் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் ஏதுமில்லை. எதிரி எந்தக் காலில் பாரம் தாங்கி நிற்கிறான், எதற்கு அஞ்சுகிறான், கைக்கெட்டும் தூரத்தில் என்ன பொருள் கிடக்கிறது என்று கணக்கிட்டு, கணக்கு முடிந்த மறுகணமே தயக்கமின்றித் தாக்குகிறான். 2022 நவம்பரில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்த நாடக வடிவத்தில் பார்க் ஜிஹூன் இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். அதன் தொடக்கத்திலேயே, பரீட்சை வேளையில், மயக்கம் தரும் மருந்துப் பட்டை ஒன்றை அவன் கழுத்தில் ஒட்டிவிடுகிறார்கள். அதுவரை எத்தனை சீண்டலையும் பொறுத்திருந்தவன், படிப்பில் கைவைத்தபோதுதான் எழுகிறான். பாடப்புத்தகமும் பேனாவும் ஜன்னல் திரையும் அவனுக்கு ஆயுதங்களாகின்றன. தன்னைத் தன் பாட்டுக்குப் படிக்க விட்டால் போதும் என்பதற்கு மேல் அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

கொரியப் பள்ளிகளில் முரட்டுக் கும்பலைச் சேர்ந்தவனுக்கு ‘இல்ஜின்’ என்று பெயர். அவனுக்காகக் கடைக்கு ஓடித் தின்பண்டம் வாங்கி வரும்படி பணிக்கப்பட்ட எளிய மாணவனை ‘பாங் ஷட்டில்’ என்பார்கள். (‘பாங்’ என்பது ரொட்டி, இலங்கைத் தமிழரின் ‘பாண்’ என்னும் சொல்லும் இதுவும் ஒரே போர்த்துக்கேய மூலத்திலிருந்து பிரிந்து வந்தவை. ‘ஷட்டில்’ என்பது ஒரு கணினி விளையாட்டில் படைகளை ஏற்றிச் செல்லும் வாகனம்.) ஒரு குழந்தையை வாகனமாக்கிய அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் பதறுகிறது. சித்திரத் தொடரோ இதற்கும் ஒரு படி மேலே சென்று, சியோலின் யோங்தங்போ வட்டாரத்துப் பள்ளிக் கும்பல்கள் யாவும் ஒரே சங்கமாகத் திரண்டு ஒரு தலைவனுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் ராஜ்யத்தையே காட்டுகிறது. அதன் அதிபதி நா பெக்ஜினும் அபாரமான புத்திசாலியே என்பதைக் கவனிக்க வேண்டும். வன்முறையை ஆளுவதற்கு ஒரு மேதை, அதிலிருந்து தப்புவதற்கு இன்னொரு மேதை: இரு மூளைகளும் செலவாவது பாடத்திலன்று.

ஆனால் நாடகத்தில் என்னை உறங்கவிடாமல் செய்த பாத்திரம் ஓ பொம்சொக். அரசியல்வாதி ஒருவரின் தத்துப்பிள்ளை. வீட்டில் அந்தத் தந்தையிடமே அடிபடுகிறவன். முந்தைய பள்ளியில் கொடுமைக்கு ஆளானவன். ஷீஉனும் ஆன் சுஹோவும் அவனுக்கு நண்பர்களாகிறார்கள். சுஹோ பகுதி நேர வேலைகள் பார்த்துக்கொண்டு, வகுப்பில் உறங்கி, சண்டை என்று வந்தால் யாருக்கும் பின்வாங்காத நல்ல பையன். அவனுடைய அன்பில் தனக்குரிய பங்கு குறைந்துவிட்டதோ என்ற சின்னஞ்சிறு ஐயம் பொம்சொக்கின் நெஞ்சில் விஷமாக ஊறி, கடைசியில் பணம் கொடுத்து அவனைத் தாக்கச் செய்யும் அளவுக்கு முற்றிவிடுகிறது. சுஹோ நினைவிழந்து வீழ்கிறான். அடி வாங்கிய பிள்ளை அடிக்கும் பிள்ளையாவதை இவ்வளவு கருணையோடும், அதே சமயம் அவன் குற்றத்தில் ஒரு துளியும் குறைக்காமலும் சித்திரித்த படைப்புகளை நான் அதிகம் கண்டதில்லை. அவன் உடம்பிலிருந்த காயங்களை ஓர் உபாத்தியாயராவது கூர்ந்து நோக்கியிருந்தால் கதை அங்கேயே திரும்பியிருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பள்ளி வன்முறைத் தடுப்புச் சட்டம் தென்கொரியாவில் 2004-லேயே இயற்றப்பட்டது. 2011 டிசம்பரில் தேகு நகரத்து மாணவன் ஒருவன், தனக்கு இழைக்கப்பட்டதையெல்லாம் கடிதமாக எழுதி வைத்துவிட்டு உயிர் நீத்தபோது தேசமே கலங்கியது. மறு ஆண்டே குற்றமிழைத்தவருக்கு விதிக்கும் தண்டனையைப் பள்ளிப் பதிவேட்டில் குறிக்கும் முறை வந்தது. 2023 பிப்ரவரியில் தேசியப் புலனாய்வு அலுவலகத்தின் தலைவராக நியமனம் பெற்ற முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவர், தம் மகன் சகமாணவனுக்குச் செய்த கொடுமையும், மகனுக்கு விதிக்கப்பட்ட பள்ளி மாற்றத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிய செய்தியும் வெளிப்பட்டதால் மறுநாளே விலக நேர்ந்தது. அதன் பிறகு, கடுமையான தண்டனைகளின் பதிவு நீடிக்கும் காலம் இரண்டாண்டிலிருந்து நான்காண்டாக உயர்ந்தது. 2026 கல்வியாண்டின் சேர்க்கை முதல் பல்கலைக்கழகங்கள் அதைக் கணக்கில் கொள்வதும் கட்டாயமாயிற்று. இவை வேண்டியவையே. ஆனால் தண்டனையும் பல்கலைக்கழக இடத்தை இழப்பதாகவே அமையும்போது, வசதியுள்ள பெற்றோர் மகனைத் திருத்துவதை விட்டு வக்கீலை நாடுகிறார்கள். அடிபட்ட பிள்ளையோ தீர்ப்பு வரும்வரை அதே நடையில் அதே முகங்களைக் கடந்து போகவேண்டியிருக்கிறது.

இத்தொடரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த சண்டைக்கு அழைப்பாகிறது. அடியின் அழகில் சித்திரம் லயிக்கும்போது வாசகனும் லயித்துவிடுகிறான். எனினும் 2025 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்த நாடகத்தின் இரண்டாம் பாகம் இதற்கு ஓரளவு பரிகாரம் தேடுகிறது. யுன்ஜாங் பள்ளிக்கு மாறிய ஷீஉன், தன் பொருட்டு இன்னொருவன் வீழ்ந்துவிடக்கூடாதென்று நட்பையே அஞ்சி ஒதுங்கியிருக்கிறான். அவனை விடாமல் சில பையன்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். இறுதிக் காட்சியில் சுஹோ நினைவு திரும்பிச் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். புதிய நண்பர்களோடு அவனைக் காண வந்த ஷீஉன், அத்தனை காலமும் எதையும் காட்டாதிருந்த அந்த முகத்தோடு, புன்னகை செய்கிறான்.