கொம்பு நிற்கும் இடம்

எங்கள் ஊர்ப் பெயரைச் சிதைத்து எழுதினால் எனக்குக் கோபம் வரும். இந்த வாரம் வீட்டுக் கூடத்திலேயே அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. மடிக்கணினித் திரையில் ஒரு வரைபடம். அதன் தலைப்பில் 'செஞ்சி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ச' தனியாக நின்றது. அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் தள்ளிப்போய், 'ஞ'வோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் 'கோட்டை' என்ற சொல்லில் 'க' வெறும் ககரமாக முன்னால் நிற்க, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் சேர்ந்து வந்தன. படிக்கவே முடியவில்லை.

வரைந்தவள் என் தங்கை மகள். திண்டிவனத்தில் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். 2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ 12 மராத்தியக் கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம் செஞ்சிக் கோட்டை. அந்தப் பெருமையையும், அதற்குப் பிறகு ராஜகிரி மலை அடிவாரத்தில் கூடும் கூட்டத்தையும் பற்றித்தான் இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். பாரம்பரிய வாரக் கண்காட்சிக்காக அவள் போட்ட படமும் அந்தக் கோட்டையைப் பற்றியதே: கோட்டை எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை யார் கையில் இருந்தது என்று நீளநீளமான பட்டைகள். 1677இல் சிவாஜி பிடித்தார். 1698இல் மொகலாயர். 1750இல் பிரெஞ்சுக்காரர். 1761இல் ஆங்கிலேயர். நல்ல யோசனை. ஆனால் பெயர்கள்?

"முதல்ல வெறும் கட்டம் கட்டமாத்தான் வந்துச்சு மாமா. இது பரவாயில்ல" என்றாள்.

எனக்கு அது பரவாயில்லை என்று படவில்லை. கட்டம் வந்தால் எழுத்து இல்லை என்று பார்ப்பவருக்குத் தெரியும். கொம்பு இடம் மாறினால், தமிழ் தெரியாதவர் அதையும் தமிழ் என்றே நம்பிவிடுவார். கோட்டைக்கு வருகிறவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள்.

அவள் பயன்படுத்தியது மேட்பிளாட்லிப். காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து திருத்தலாம் என்ற வகை மென்பொருள். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளையில் ஓடும் மின்அலைகளைப் படமாகப் பார்ப்பதற்காக எழுதியது; 2003இல் வெளியிட்டார். 2012இல் 44 வயதில் இறந்துபோனார். உலகம் முழுக்க அறிவியல் கட்டுரைகளில் நாம் பார்க்கும் படங்களில் ஏராளமானவை அவர் போட்ட பாதையில் வந்தவை. அவர்மேல் எனக்கு மரியாதையே உண்டு. ஆனால் அதனுடன் வரும் எழுத்துரு தேஜாவு சான்ஸ், அதில் தமிழ் கிடையாது. 'க' என்று கொடுத்தால் 2965ஆம் எண்ணுள்ள எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை என்று ஆங்கிலத்தில் எச்சரித்துவிட்டு ஒரு வெற்றுக் கட்டத்தைப் போடும். கணினிக்காரர்கள் அந்தக் கட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் டோஃபு. சோயாப் பாலைத் திரித்து வெட்டிய வெள்ளைத் துண்டு. அந்த டோஃபு எந்த மொழியிலும் வரக் கூடாது என்றுதான் கூகுள் வெளியிட்ட எழுத்துருக் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்றே பெயர் வந்தது.

நோட்டோ சான்ஸ் தமிழை அவள் இறக்கி நிறுவியிருக்கிறாள். அப்போதும் கட்டம். கணினியில் என்னென்ன எழுத்துரு உண்டு என்று அந்த மென்பொருள் முன்பே எடுத்து வைத்திருந்த பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்க்கும். புதிதாகச் சேர்த்தது அதன் கண்ணில் படாது. சேமித்து வைத்த அந்தப் பட்டியலை அழித்துவிட்டு மறுபடி ஓட்டியதும் எழுத்து வந்தது. கொம்பு மட்டும் இடம் மாறி வந்தது.

இதற்குக் காரணம் சொல்கிறேன். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் காதில் விழும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'செ' என்றால் முதலில் ச, பிறகு எகரக் குறி. கண்ணுக்குக் காட்டும்போது அந்தக் குறியைத் தூக்கி முன்னால் வைக்க வேண்டும். 'சு' என்றால் இரண்டையும் இணைத்து ஒரே வடிவமாக்க வேண்டும். 'கோ' என்றால் ஓகாரக் குறியை இரண்டாகப் பிளந்து இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால் என்று நிறுத்த வேண்டும். இந்த வேலைக்கென்றே ஹார்ஃப்பஸ் என்று ஒரு நிரல் இருக்கிறது. பாரசீகச் சொல் அந்தப் பெயர். உலாவிகளும் லிப்ரே ஆபீசும் அதைத்தான் கூப்பிடுகின்றன. மேட்பிளாட்லிப் நெடுங்காலம் அதைக் கூப்பிடாமலே, வந்த எழுத்தை வந்த வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே சேர்க்கும் வேலை பிறகுதான் தொடங்கியது. அவள் கணினியில் இருந்தது பழைய பதிப்பு.

அதனால் அவள் படத்தில் நாயக்கரும் மராத்தியரும் தப்பினார்கள். காலும் இகரக் குறியும் எழுத்துக்கு வலப்பக்கம் வருகிறவை, சேதமில்லை. மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரும் உடைந்தார்கள். ஊர்ப் பெயரும் உடைந்தது.

வழி இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இதே சிக்கலில் உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் இந்தப் பத்தியைப் படிப்பார்கள். படத்தை எஸ்விஜி கோப்பாக எடுக்கும்போது, எழுத்தைக் கோடுகளாக மாற்றாதே, எழுத்தாகவே விடு என்று ஓர் அமைப்பு உண்டு. அப்படி எடுத்ததை இங்க்ஸ்கேப்பில் திறந்தால் கொம்பு தானாக இடத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து எழுத்தைக் கோடாக்கி பிடிஎஃப் எடுத்தால் அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. இல்லையென்றால் நியூபிளாட். 1986இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி இருவரும் தொடங்கியது. அதில் வெறும் பிஎன்ஜி என்று கொடுக்காமல் கெய்ரோ என்று முடியும் வழியைக் கேட்டால், பாங்கோ என்ற நிரல் ஹார்ஃப்பஸைக் கூப்பிட்டு எழுத்தைச் சரியாகக் கோத்துத் தரும். அவள் இதைத்தான் செய்தாள். செய்துவிட்டு, பிடிஎஃப் திறக்கவே இல்லை என்று அரைமணி நேரம் தவித்தாள். வெளியீட்டுக் கோப்பை மூடும் ஒரு வரியை எழுத மறந்திருக்கிறாள். மூடாதவரை கோப்பு முழுமையாகாது. அந்த வரியைச் சேர்த்ததும் திறந்தது. 'செஞ்சி' செஞ்சியாக நின்றது.

அப்போதுதான் கேட்டாள். "ஏன் மாமா, இந்தக் கொம்பு மட்டும் ஏன் முன்னாடி வரணும்? சொல்றப்ப பின்னாடிதானே வருது?"

இந்தக் கேள்வியை நான் தட்டச்சுப் பழகிய நாளில் கேட்டிருக்க வேண்டும். தமிழ்த் தட்டச்சுப்பொறியில் கொம்பைத்தான் முதலில் அடிப்போம், பிறகு எழுத்து. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்களுக்கும் கொம்பு தனி அச்சு. அதை முதலில் வைத்துவிட்டுத்தான் ககரத்தை எடுப்பார்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் இணையத் தமிழர்கள் வகுத்துக்கொண்ட டிஸ்கி குறியீட்டிலும் கொம்பு முன்னால்தான் சேமிக்கப்பட்டது. தாய்லாந்துக்காரர்கள் யூனிகோடிலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையையே வைத்துக்கொண்டார்கள். யூனிகோடில் தமிழோ ஒலி வரிசைக்குப் போனது. கைப்பழக்கம் மாற எனக்கு ஓராண்டு பிடித்தது. ஆனால் கொம்பு ஏன் இடப்பக்கம் நிற்கிறது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

பதில் என் மேசைமேலேயே இருந்தது. ஐராவதம் மகாதேவனின் 'எர்லி தமிழ் எபிகிராஃபி', 2003இல் க்ரியாவும் ஹார்வர்டும் சேர்ந்து வெளியிட்டது. மகாதேவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர், பிறகு தினமணி ஆசிரியர், வாழ்நாள் முழுக்கக் குகை குகையாக ஏறி இறங்கித் தமிழ்ப் பிராமி எழுத்துகளைப் படியெடுத்தவர். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒவ்வோர் எழுத்தாக நின்று நிதானித்துச் சொல்வார். எனக்கு மனம் சரியில்லாத நாட்களில் எந்தப் பக்கத்தையாவது திறந்து எழுத்து வடிவங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் தம் மொழியின் மேல் எவ்வளவு பொறுமை காட்ட முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியை நான் பார்த்ததில்லை.

பிராமியில் கொம்பு தனி எழுத்தே இல்லை. ககரத்தின் தலையில் இடப்பக்கமாக ஒரு சிறு கோடு இழுத்தால் அது எகர ஏகாரக் குறி. வலப்பக்கம் இழுத்தால் ஆகாரம். இரண்டு பக்கமும் இழுத்தால் ஒகர ஓகாரம். இடப்பக்கமே இரண்டு கோடு போட்டால் ஐகாரம். அவ்வளவுதான். நூற்றாண்டுகள் போகப்போக இடக்கோடு வளைந்து, கீழே இறங்கி, எழுத்தைவிட்டுப் பிரிந்து முன்னால் நின்றுகொண்டது. அது கொம்பு. வலக்கோடு பிரிந்து கால் ஆனது. 'கோ'வுக்கு இரு பக்கமும் ஆள் நிற்பது அந்த இரண்டு கோடுகளின் மிச்சம். குறிலா நெடிலா என்று காட்டக் குறிலின்மேல் புள்ளி வைப்பது தொல்காப்பியர் சொன்ன வழி. கொம்பைச் சுழித்து நெடிலைத் தனியாக்கியது 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் என்பார்கள்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவன், "கல்லிலேயே காட்டுகிறேன், கிளம்பு" என்றேன். மணி நாலு. வண்டியை எடுத்தோம்.

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரி ஏறுவார்கள், கல்யாண மகாலைப் படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். நாங்கள் போன, சிறுகடம்பூர்ப் பக்கம் இருக்கும் திருநாதர்குன்றுக்கு வருபவர்கள் குறைவு. பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்று சொல்கிறது. கிட்டத்தட்ட 6ஆம் நூற்றாண்டு, வட்டெழுத்து உருவாகிவந்த காலம். தமிழ்க் கல்வெட்டுகளில் 'ஐ' என்ற உயிரெழுத்து முதன்முதலாகக் காணப்படுவது இங்கே, 'ஐம்பத்தேழு' என்ற அந்த எண்ணின் தொடக்கத்தில், என்று கல்வெட்டறிஞர்கள் சொல்கிறார்கள்.

பாறை வெயிலில் காய்ந்து சுட்டது. சாய்ந்த வெளிச்சம் வந்தபின் வெட்டுகளில் நிழல் விழுந்தது. அவள் குனிந்து உட்கார்ந்து, கல்லைத் தொடாமல் ஒரு விரற்கடை உயரத்தில் காற்றிலேயே ஒவ்வோர் எழுத்தையும் வரைந்துகொண்டு போனாள். பாதி எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்கும் புத்தகம் இல்லாமல் பிடிபடாது. "57 நாள் சாப்பிடாம இருந்தவரை, பக்கத்துல இருந்து ஒருத்தர் எண்ணிக்கிட்டே இருந்திருக்காரு, இல்ல மாமா?" என்றாள். நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. நாள் கணக்கை நினைவில் வைத்து, உளிக்காரரிடம் சொல்லி, ஒன்றுகூடக் குறையாமல் வெட்டச் செய்த யாரோ ஒருவர்.

வீடு திரும்பியதும் மறுபடி கணினியைத் திறந்தாள். அவள் படத்தின் ஆண்டுக்கோடு 1600இல் தொடங்கியிருந்தது. அதை இடப்பக்கம் 500 வரை நீட்டினாள். நாயக்கர், மராத்தியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோருடைய பட்டைகளும் சுருங்கி வலது ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டன. நடுவே நீண்ட வெள்ளை. இடது கோடியில் ஒரே ஒரு புள்ளி வைத்து, அதன் அருகே 'சந்திரநந்தி, ஐம்பத்தேழு நாள்' என்று எழுதினாள். கோப்பை மூடும் வரியை இந்த முறை மறக்கவில்லை. பிடிஎஃப் திறந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னால் நின்றது.

வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.